முப்பத்தேழாம் குழாய்

இரவு இரண்டு பத்து. சாத்துவாச்சேரி.
கத்திரி வெயில் இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை.
உள்ளே உறைபெட்டி
மைனஸ் எண்பதில் முனகிக்கொண்டிருக்கிறது.

ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று.
கையில் நரம்பு கிடைக்காமல்
பாதத்தில் எடுத்தேன் என்றாள் ஜெபசெல்வி.
பாதம் மட்டும் தப்பியிருக்கிறது.
கம்பெனி பூட்ஸ்.

பேரணாம்பட்டு தோல் ஷாப்பு, பாய்லர்.
எத்திராஜ், வயது நாற்பத்து மூன்று.
எரிந்தது ஐம்பத்திரண்டு விழுக்காடு.
இரண்டையும் கூட்டித்தான்
பழைய டாக்டர்கள் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.
நானும் கூட்டினேன்.
கூட்டாமல் இருக்க முடியவில்லை.

இப்போது ரத்தத்தைக் கேட்கிறோம்.
ஆல்புமின் பாதி கட்டுத்துணியில் கசிந்து போயிற்று.
தட்டணுக்கள் மூன்றாம் நாள் எல்லாருக்கும் சரியும்,
பிழைப்பவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பி ஏறும்.
இவை வார்டுக்குப் போகும்.
ஆய்வுக்கான அந்த இன்னொரு புரதம் மட்டும் போகாது.
சொன்னால் யாரோ ஒருவர் கை தளரும்,
தளர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு
எண் தன்னைத் தானே மெய்யாக்கிவிடும்.
அதனால் குழாயில் பெயரில்லை. முப்பத்தேழு.

திரையில் எண் வந்தது.
கோட்டுக்கு மேலே. நிறைய மேலே.
இதுவரை கோட்டைத் தாண்டியவர் பதினொரு பேர்.
ஒன்பது பேரின் கோப்புகளை நானே கட்டி வைத்தேன்.
மற்ற இருவர் போன வியாழக்கிழமை
ஆட்டோவில் வந்து கட்டு மாற்றிக்கொண்டு,
கேன்டீனில் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்,
வடை ஆறிப்போயிருந்ததாம்.

ஜன்னலில் குணசுந்தரி.
அதே ஷாப்பில் தோலைத் தரம் பிரிப்பவள்.
விரலால் தடவியே ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்,
கழிவு என்று தள்ளுகிறவள்.
எவ்ளோ காட்டுது என்று கேட்பாள்,
தெரியாது என்று சொல்லலாம்,
நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கேட்டது வேறு:
"மிச்ச ரத்தத்த என்னா பண்ணுவீங்க மேடம்?"

பத்து வருஷம் உறையில் வைப்போம் என்றேன்.

"பத்து வருஷமா."
கண்ணாடியில் விரலை வைத்து
எதையோ தடவிப் பார்ப்பதுபோல் நின்றாள்.
"கழிச்சுப் போட்டதக்கூட
ஈரம் காஞ்சப்புறம் இன்னொருவாட்டி பாப்போம் நாங்க."

கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் எடுக்கப் பதினோரு விநாடி.
இருட்டில் உறைபெட்டிக் கதவின்மேல்
உள்ளங்கையை அழுத்தி நின்றிருந்தேன்,
என் கை எதைக் குளிரவைத்துவிடும் என்று
கேட்டால் சொல்லத் தெரியாது.