பற்று

பதிவு அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும்.
ஏழரைக்கே டிரக்கை நிறுத்திவிட்டு
ஹீட்டரை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்
ஓர்வோ ரன்டலா, கல் கட்டுபவர்.
டுலூத் நகரில் பிப்ரவரி ஏழு.
ஏரி உறைந்து கிடக்கிறது,
யாரும் இன்னும் கையெழுத்துப் போடாத காகிதம் மாதிரி.

மடியில் படிவம்.
கடைசியாக வேலை செய்த நாள் எது?
அதிலிருந்து நூற்றிருபது நாள்.
தவறினால் கல்லும் வீட்டுக்காரருக்கு,
கூலியும் வீட்டுக்காரருக்கு.
நோட்டைப் புரட்டுகிறார்.
அக்டோபர் ஆறு: வேலை முடிந்தது.
எண்ணிப் பார்க்கிறார். நான்கு நாள் தாண்டிவிட்டது.
அடுத்த பக்கம்.
அக்டோபர் பதினேழு:
கணப்பின் மேடை, இடது ஓரம்,
விரிசல் விட்ட கல் ஒன்று மாற்றினேன்.

யாரும் கேட்காமல் மாற்றிய கல்.
மயிரிழை விரிசல்,
முழங்காலிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.
மனசு கேட்காமல் போய் மாற்றினார்.
அந்த ஒரு கல் இன்று
பதினொரு நாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
(எதிர்த்தரப்பு வக்கீல் அதையும் பெயர்க்கப் பார்ப்பார்.
பார்க்கட்டும்.)

மொத்தம் முப்பத்தொன்பதாயிரம் டாலர்.
பாதி வந்தது.
மீதிக்கு முதலில் 'அடுத்த வாரம்',
பிறகு ஒரு கட்டைவிரல் படம்,
பிறகு அதுவும் இல்லை.
கிறிஸ்துமஸுக்கு ஊருக்கெல்லாம் போன வாழ்த்து அட்டை
இவருக்கும் வந்தது:
ஹால்வர்சன் குடும்பம், நாய் உட்பட, ஒரே நிற ஸ்வெட்டரில்.
பின்னால் கணப்பு எரிகிறது.
அந்த வாரம்தான் படகை விற்றார்.
கலவை குழைத்த நியா தோரிடம்
காசில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கல்லைக் கல்லோடு பிடித்துவைப்பது பற்று.
நோட்டில் இடது பக்கம் எழுதுவதும் பற்று.
விட்டுவிடு என்கிறார்கள் பெரியவர்கள், எல்லா ஊரிலும்.
அவர்களுக்குக் கூலி யார் தர வேண்டியிருந்ததோ.

"போய்க் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடட்டுமா?"
நவம்பரில் கேட்டார்.
வக்கீல் அலுவலகத்துப் பெண் சிரிக்கவில்லை.
"ஒரு கல்லைத் தொட்டால் நீங்கள்தான் திருடன்.
காகிதத்தால் தொடுங்கள்."

கதவு திறக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் க்வெண்டா,
மூக்கில் நழுவும் கண்ணாடி.
விலாசம் போதாதாம்:
மனை ஆறு, பிளாக் பதினான்கு.
கணப்பு என்று எழுத அதில் கட்டமில்லை,
சூட்டுக்கும் இல்லை.
முத்திரை விழுகிறது. இவ்வளவு சின்னச் சத்தமா.
கட்டணம் நாற்பத்தாறு டாலர்,
அதையும் பற்றில் எழுதிக்கொள்கிறார்.
ஒரு பிரதி பதிவுத் தபாலில் ஹால்வர்சனுக்கு.
அதற்காவது அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி அந்த வீட்டை விற்கப் போனாலும்
அடகு வைக்கப் போனாலும்
வில்லங்கம் என்று ஒரு வரி
வாசலில் குறுக்கே படுத்திருக்கும்.
குரைக்காது.
எழுந்தும் போகாது.

வீட்டுக்குப் போகும் வழி அந்தத் தெரு அல்ல.
ஆனாலும் திருப்புகிறார்.
புகைபோக்கியிலிருந்து புகை
நூல் பிடித்தாற்போல் நேராக ஏறுகிறது.
நன்றாகத்தான் இழுக்கிறது.
கண்ணாடியை இறக்கி மோந்து பார்க்கிறார்.
ஈர பிர்ச்.
காயாத கட்டையை எரிக்காதீர்கள், உள்ளே கரி படியும் என்று
இரண்டு தடவை சொல்லியிருந்தார்.