நான்கு வரிகளுக்கு மிகாமல்

வலயக் கந்தோர் அனுப்பிய படிவத்தில்
‘இம்மாத நிகழ்வுகள்’ என்றொரு கட்டம்.
நான்கு வரிகளுக்கு மிகாமல் எழுதவும்.
மண்டூர்த் துறையில் கைப்பையை மேசையாக்கி நிற்கிறேன்.
பாதை இன்னும் அக்கரையில்
மோட்டார் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் திகதி இரவு யானை வந்தது.
சமையலறைச் சுவரைச் சரித்து
மதிய உணவு அரிசியில் அரை மூடை தின்று
பயறைத் தொடாமல் போய்விட்டது.
பயறு எங்கள் பிள்ளைகளுக்கும் பிடிக்காது.
காலையில் தரம் நான்கு, முற்றத்து ஈரத்தில் பதிந்த
முன்காலடியைச் சுற்றி நூல் பிடித்தது.
“இதுல ரெண்டு மடங்கு அதுட உயரம்” என்றான் யதுஷாந்.
தகப்பன் வயல் காவலுக்குப் போகிறவர்.
மிஞ்சிய சுவரில் கரியால் கோடு போட்டார்கள்,
கதிரைக்கு மேல் கதிரை வைத்து.
பதிவேட்டில் ‘கணிதம்: அளத்தல்’ என்று எழுதினேன்.
கதிரையைப் பற்றி எழுதவில்லை.

பதினொன்றில் நிறை பார்க்க வந்தார்கள்.
தராசு முள் போன மாதத்தைவிட ஏறவேண்டுமென்று
இரண்டு பேர் களிசான் பொக்கற்றில் கல்.
ஒருவன் குதித்து இறங்கையில் அகப்பட்டான்.
மற்றவனை நான் காணவில்லை,
அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே கிழமை தரம் ஐந்து சேருக்கு இடமாற்றம் வந்தது.
ஐந்து வகுப்புக்கு இப்போது இரண்டு பேர்,
அதில் ஒருவர் பதில் அதிபரும், அது நான்.

இனிக் கேதுஷன்.
தரம் மூன்றில் அவன் ஒருவன்தான்.
தவணைப் பரீட்சையில் முதலாம் பிள்ளை,
கடைசிப் பிள்ளையும்.
தமிழ்ப் பாடத்தில் கடைக்காரரும் வாங்க வந்தவரும் பேசுவார்கள்.
குரலை மாற்றி மாற்றித்
தனக்குத்தானே வெங்காயம் விற்பான்,
மிச்சக் காசைப் பிழையில்லாமல் திருப்பிக் கொடுப்பான்.

பெப்ரவரியில் மைதானத்தில் வெள்ளம் நின்றதால்
விளையாட்டுப் போட்டி இந்த மாதத்துக்கு வந்தது.
ஒத்திகையில் ஐம்பது மீற்றர் ஓடினான். பாதியில் நின்று
திரும்பிப் பார்த்தான்.
“ஆரும் வரல்லியே டீச்சர்.”
பின்னால் நீறு போட்ட கோடுகள், ஒரு மாடு.

போட்டிக்கு மூன்று நாளிருக்க
கல்வாடிக்கு வேலைக்கு வந்த குடும்பமொன்று
ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டது.
டிலுக்ஷிகா. வயது எட்டு.
விடுகைப் பத்திரம் எங்கே என்றேன்.
“சூளை எரிஞ்சாப் போயிருவம் டீச்சர்,
அதுவரைக்கும் இருக்கட்டும்” என்றார் தாய்.
பத்திரமில்லாமல் இடாப்பில் பேர் ஏறாது.
கதிரை இருந்தது. இருத்தினேன்.

வெள்ளிக்கிழமை
விசில் சத்தம் அடங்குமுன் அவள் பாதித் தூரம்.
நகக்கண்ணில் செம்மண், சப்பாத்தில்லாத கால்.
கேதுஷன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினான்,
ஒருமுறையும் திரும்பவில்லை.

சான்றிதழை முந்தின கிழமையே எழுதி வைத்திருந்தேன்,
வேறென்ன வரப்போகிறது என்று:
கேதுஷன், முதலாம் இடம்.
கூப்பிடுமுன்பே வந்து
பால்மாப் பெட்டி மேடையில் இரண்டாம் இலக்கத்தில் ஏறி நின்றான்.
“ரெண்டு எண்டு மாத்துங்க டீச்சர்.”
வெள்ளை மை காயும்வரை ஊதினான்.
பிறகு எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தான்.
அவளுடையதை, இடாப்பில் இல்லாத அந்தப் பேருக்கு,
இருந்ததிலேயே நல்ல மட்டையில் எழுதி ஒப்பமிட்டேன்.

திங்கட்கிழமை வெங்காயம் விலை பேசப்பட்டது.
கேதுஷன் கடன் கேட்டான்.
அவள் கொடுக்கவில்லை.

பாதை நடு வாவிக்கு வந்துவிட்டது. அவசரம்.
மாணவர் தொகை: பதினெட்டு.
‘இடாப்பின்படி’ என்று பக்கத்தில் சிறிதாக.
பிறகு அந்தக் கட்டம்:
சமையலறைச் சுவர் சேதம், மதிப்பீடு இணைப்பில்.
நிறை அளவீடு நடைபெற்றது.
இல்ல விளையாட்டுப் போட்டி இனிதே நிறைவுற்றது.
தரம் மூன்றுக்கு இன்னுமொரு தமிழ்ப் புத்தகம் தேவை.

பாதை துறையில் இடித்ததில் நின்ற பலகை ஆடி
‘இன்னுமொரு’ கோணலாகிவிட்டது.
வெள்ளை மை பள்ளிக்கூடத்தில்.
அப்படியே கொடுக்கப்போகிறேன்.