வலப்பக்கத் தேய்மானம்

ஆறுகாணி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு
வாங்கி வரும்போது
அதன் கழுத்தில் சணலில் ஓர் அட்டை:
ரசலையன், பத்துகாணி. பயிர்ப் பாதுகாப்பு.
உரிமம் என் பேருக்கு மாறப் பதினான்கு மாதம்.
அதற்குள் துரு குழல் முழுக்கப் பூத்து
ஜீப்பில் வரும் வழியெல்லாம்
என் சேலையில் செம்பொடியாய் உதிர்ந்தது.

நாகர்கோவிலில் பிஜு
ஜன்னல் வெளிச்சத்துக்கு அதைத் தூக்கி
ஒற்றைக் கண்ணால் குழலுக்குள் பார்த்தான்.
"உள்வரியெல்லாம் தேஞ்சு போச்சு அக்கா.
சுட்டா நேரே போவாது.
பாக்க அழகாக்கித் தரலாம்."
துரு எடுக்க ஆறாயிரம்,
கருநீலம் ஏற்ற நாலு,
கட்டையை உரசி பாலிஷ் போட மூன்று.
"ஒரு கீறல் தெரியாது. புதுசு தோத்துப் போவும்."

காசு டார்வினுடையது.
மஸ்கட்டிலிருந்து நேற்றும் பேசினான்:
மார்த்தாண்டம் வீட்டு ஹாலில்
டி.வி.க்கு மேலே ஆணிகூட அடிச்சாச்சு,
அப்பா பன்னி சுட்ட தோக்கு, பளபளன்னு இருக்கணும்.

அப்பா சுட்ட பன்றிகளை எண்ணித்தான்
நாங்கள் எண் படித்தோம்.
கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் ஒன்று கூடும்.
பன்றி கூடக்கூட
மரச்சீனித் தோட்டமும் கதைக்குள் விரிந்தது.
ஆதாரத்தில் எழுபது சென்ட்.

பிஜு டீ குடிக்கப் போன நேரம்
சும்மா இருக்க மாட்டாமல்
கட்டையை மடியில் போட்டுத் துடைத்தேன்.
இடப்பக்கம் வார்னிஷ்கூட முழுதாய்ப் போகவில்லை.
வலப்பக்கம்,
கன்னம் படும் இடத்தில் மட்டும்,
உள்ளங்கை அகலத்துக்கு மழுங்கிக் கறுத்திருந்தது.

வலத்தோளில் வைத்துப் பார்த்தேன்.
கன்னம் வார்னிஷில் வழுக்கியது.
யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு
இடத்தோளுக்கு மாற்றினேன்.
கன்னம் தானே போய்
அந்தக் குழிவில் உட்கார்ந்தது.

அப்பா சோறு தின்றது வலக்கை.
வேதாகமத்தில் கோடு போட்டது வலக்கை.
எங்களை அடித்ததும்.

அப்பாவுக்கு விற்ற தோட்டத்துத் துரை
இடங்கைக்காரனாக இருந்திருக்கலாம்.
இருக்கலாம்.
துரை தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பானா?
மூக்கை வைத்துப் பார்த்தேன்.
முதலில் துரு. அப்புறம் சிக்குப் பிடித்த
பழைய எண்ணெய் வாடை.

எங்கள் வீட்டில் இடங்கை ஒருத்திதான்.
ஞானப்பூ வெட்டினா மரம் கெட்டுப் போவும் என்று
பால்வெட்டில் அவளுக்கு முக்கால் கூலி.
மற்றவர்கள் சுற்றும் திசைக்கு எதிராக
ஒவ்வொரு ரப்பர் மரத்தையும்
முந்நூறு மரம் வரை
சுற்றி வருவாள்.

வெடிச்சத்தம் கேட்டு நாங்கள் ஓடிவரும் ராத்திரிகளில்
அப்பா முற்றத்தில் நின்று
"கெடந்து ஒறங்குங்கலே" என்பார்.
அவர் கையில் டார்ச் இருந்தது.
டார்ச் இருந்தது, நல்ல ஞாபகம்,
ஐந்து கட்டை டார்ச்,
இரண்டு கையாலும் பிடித்திருப்பார்.

மறுநாள் வீடு நிறைய ஆள். கதை.
அடுப்படியில் இறைச்சி நறுக்கியபடி
அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பாள்.
எந்த இடத்திலும் குறுக்கே பேசியதில்லை.
ஒரே ஒரு தடவை,
எதற்கென்று தெரியாமல் நானும் கூடச் சிரித்தேன்,
"டார்ச்சு ஆடாம இருந்தா சரிதான்" என்றாள்.

பிஜு வந்து உப்புத்தாளை எடுத்தான்.
முரட்டுத் தாள், மஞ்சள் நிறம்.
கட்டையில் முதல் இழுப்புக்கு
எந்தப் பக்கம் என்று புரட்டினான்.

வேண்டாம் என்றேன்.
துரு மட்டும் எடு. ஊசியைக் கழற்றி
தனியாகப் பொதிந்து தா.
கட்டையில் கை வைக்காதே.
"அப்ப ஹாலுக்கு எடுக்காது அக்கா,
இந்தப் பக்கம் பாருங்க, அசிங்கமா..."
அந்தப் பக்கம்தான், என்றேன்.

டார்வினுக்கு ராத்திரி போன் போட்டேன்.
அந்த ஆணியைப் பிடுங்கி மாத்தி அடிக்கச் சொல்லு,
குழல் வலப்பக்கம் பார்த்து வரணும்.
வலப்பக்கம் அடுக்களை வாசல்லா இருக்கு,
கொள்ளாது, என்றான்.
இருக்கட்டும்.
எதுக்கு என்று கேட்டான்.
லீவுக்கு வரும்போது
ஒரு தடவை தோளில் வச்சுப் பாரு,
ரெண்டு தோளிலும், என்றேன்.