வெள்ளோட்டம்

இரண்டாம் சனிக்கு ஒன்பது பேர் நடக்கப் போகிறோம்.
"எல்லாம் பாத்துக்கிடலாம்" என்றார் ரெக்ஸ்லின்.
பாத்துக்கிடுவது யார் என்று
எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்தேன்.
வீட்டில் சொல்லவில்லை.
டிபன் பாக்ஸ், குடை, அதே ஏழேகால் பஸ் நிறுத்தம்.
செருப்பு மட்டும் வேறு.

தேரூர் குளத்தின் கரையில் எண்ணத் தொடங்கினேன்.
என் காலடி அல்ல, ஜெபிஷாவின் நான்கு வயதுக் காலடி.
அதற்கு என் நடையைப் பாதியாய் மடிக்கவேண்டும்.
இருபது அடிக்கொருமுறை குனிந்து
எதையாவது பொறுக்கவேண்டும்:
நத்தை ஓடு, கொக்கின் இறகு, சோடா மூடி.
முதல் மதகுக்கு நானூற்றுப் பத்து.

மதகில் கைப்பிடிச் சுவர் இல்லை.
அங்கே அஜினை ஷீபாவிடம் விடக்கூடாது,
அவள் கை போனுக்கு உரியது.
பூவரசு நிழல் எட்டரைக்குக் கரை முழுக்க;
ஒன்பதரைக்கு மரத்தடிக்கே சுருங்கிவிடுகிறது.
சாயாக்கடைக்காரர் பின்பக்கம் கைகாட்டி
"பிள்ளையளுக்குன்னா செரி" என்றார்.
கரண்டு பில்லின் பின்னால் குறித்துக்கொண்டேன்:
கழிப்பறை உண்டு, தாழ்ப்பாள் இல்லை.
ரசவடை ஒன்பது மணிக்குத் தீரும்.

அஜின் "எத்தனை?" என்று கேட்கிற பிள்ளை.
அவனுக்காக முக்குளிப்பான்களை எண்ணினேன்.
பதினான்கு.
பதினைந்தாவது முங்கியது.
தாமரை இலைகளுக்கு இந்தப் பக்கம் பார்த்திருக்க
அந்தப் பக்கம் எழும்பி, தலையை உதறி,
திரும்ப முங்கியது.
இதற்குத் திட்டத்தில் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.
பஸ்ஸை விட்டேன்.

அடுத்த பஸ்ஸில் பொற்றையடி.
யாரோ மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது
சிந்திய துண்டுதான் மருந்துவாழ்மலையாம்.
சிந்தியிருக்காது.
பிள்ளையையும் பையையும் ஒன்றாய்ச் சுமந்து
படியேறியவர்களுக்குத் தெரியும்,
அவர் சற்று நேரம்
கீழே இறக்கிவைத்திருப்பார்.

ஷீபாவின் முதுகுக்கு முப்பது படிக்கு ஓர் இருப்பு.
தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில், கூட இரண்டு.
குரங்கு உண்டு, பிஸ்கட் பையை மூடியே கொண்டுவரவும்.
ஒழுங்கான படிகள் முடிகிற இடத்தில்
ஒன்பது பேர் கால்நீட்ட ஒரு சப்பைப் பாறை,
இச்சிமரத்துக் காற்று.
எழுதினேன்:
இங்கே சாப்பாடு. இங்கேயே திரும்புதல்.
கோடும் போட்டேன் அடியில், இரண்டு.

மணி பதினொன்று பத்து.
வேலை முடிந்துவிட்டது.
என் விரலை யாரும் பிடித்திருக்கவில்லை.

கோட்டுக்கு மேலே ஏறினேன்.
பாறைக்குப் பாறை, புல்லைப் பிடித்து,
ஓரிடத்தில் சேலையை முட்டுக்கு மேல் செருகி.
என் அடி எவ்வளவு நீளம் என்பது
எனக்கே மறந்துபோயிருந்தது.
மூச்சு வாங்கியபோது நின்றேன்,
நின்றது எனக்காக.

உச்சியில் காற்று குடையைப் பிடுங்கப் பார்த்தது.
ஒரு பக்கம் கடல். மறுபக்கம் தென்னைகளின் நடுவே
குளம் குளமாய்த் தண்ணீர்.
தேரூர் எதுவென்று தெரியவில்லை.
காலையில் அரைமணி நேரம் நான் காத்து நின்ற பறவை
அதில் ஒன்றில்
முங்கியிருந்தது, அல்லது எழும்பியிருந்தது.
இரண்டு மட்டிப்பழம் தின்றேன்,
பாதி கடித்து யாருக்கும் கொடுக்காமல்.

ஆறு மணிக்கு வழக்கம்போல வீடு.
இரவு சாப்பாட்டில் திட்டத்தை வாசித்தேன்.
தாழ்ப்பாளுக்குச் சிரித்தார்கள்.
"இவ்வளவும் ஒனக்கு எப்படித் தெரியும்?"
"ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா."
"பாறைக்கு மேல என்ன இருக்காம்?" என்றார் ரெக்ஸ்லின்.
"அதுக்கு மேலயும் பாறதான்" என்றேன்.
பொய்யில்லை.

மேசைக்கு அடியிலிருந்து ஜெபிஷா,
என் சேலைக் கரையில் குத்தியிருந்த ஊசிப்புல்லை
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
எண்ணிக்கொண்டிருந்தாள்.