படிவம் கேட்கும் சுருக்க வரலாறு

லீக் அனுப்பிய மீள்பதிவுப் படிவத்தில்
கழகத்தின் சுருக்க வரலாறு என்று ஒரு பெட்டி.
நான்கு கோடு போட்டிருக்கிறீர்கள்.
ஐயா, பின்பக்கத்தையும் பாவிக்கிறேன்.

ஆரம்பம் அறுபத்தெட்டு.
ஈச்சங்கட்டு ஐக்கிய விளையாட்டுக் கழகம்.
ஐக்கியம் என்று பெயர் வைத்ததே
மேற்குத் தெருவும் வாய்க்கால் தெருவும்
ஒரு பந்துக்கு அடிபட்டுப்
பொலிசுக்குப் போய் வந்த பிறகுதான்.
மைதானம் குளக்கட்டுக்குக் கீழே.
மாரியில் மூன்று மாதம் தண்ணீர் ஆடும்,
மிச்ச நாள் நாங்கள்.

எழுபத்தொன்பதில் அரையிறுதி. அதற்கு மேல் போகவில்லை.
கீப்பர் செபஸ்தியாம்பிள்ளை
சறத்தோடு பாய்ந்து தடுத்த பெனால்டியைக்
கண்டவர்களை விடக்
கண்டதாகச் சொல்பவர்கள் கூட.

தொண்ணூறு ஐப்பசியில்
இடது விங் நிஜாமுதீன், அவன் தம்பி,
பந்து தைக்கிற காசிம் நானா
ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டார்கள்.
ஏழாம் நம்பர் ஜேர்சியைத்
தோய்த்து மடித்துத் தந்துவிட்டுப் போனான்.
வாங்கி வைத்தோம்.
அன்று கழகம் கூடவில்லை,
கூட்டக்குறிப்பும் இல்லை.
இங்கே எழுதுகிறேன், பிந்தி.

பிறகு பொருளாதாரத் தடை.
சுண்ணாம்பு வராது. மில்லின் உமிச்சாம்பலால் கோடு.
சோளகம் அடித்தால் பெனால்டி எல்லை நகரும்.
பந்துக்குள் சைக்கிள் டியூப்,
ஒரு பக்கம் வீங்கி
நினைத்த பாட்டுக்குத் திரும்பும்.
எந்தப் பக்கம் என்று
அதற்கு முன்னமே தெரிந்தவன்
தயாளசீலன் ஒருவன்தான்.

தொண்ணூற்றெட்டு ஆவணி. இறுதிப்போட்டி, புளியமுனையோடு.
ஒன்றுக்கு ஒன்று.
அறுபத்துமூன்றாவது நிமிடம் பந்து கோட்டுக்கு வெளியே போக
கிபிர் இரைந்தது.
இரண்டு அணியும் ஒரே வாய்க்காலுக்குள்,
மத்தியஸ்தர் விசிலைக் கடித்தபடி
எங்கள் கப்டனுக்கு மேலே.
அன்று ஒருவருக்கும் ஒன்றுமில்லை.
எறிதல் யாருக்கு என்பதுதான் தீரவில்லை.

கோல்கம்பம் பாலைமரம்.
இரண்டாயிரத்தெட்டு மார்கழியில் பங்கர் மூட
நானே அரிந்தேன்.
கழக முத்திரையைப் பொருளாளர் பத்திநாதர்
அரிசிக்குள் வைத்துக் கொண்டுபோனார்.
மாத்தளன் வரை முத்திரை இருந்தது.
பத்திநாதரும்.

திரும்பி வந்தபோது
கண்ணிவெடி எடுப்பவர்கள் மைதானத்தைச்
சிவப்புக் கயிற்றால் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள்.
இவ்வளவு நேர்க்கோட்டை
அந்த நிலம் முன்பு கண்டதில்லை.

பன்னிரண்டில் புளியமுனையிலிருந்து ஒரு கடிதம்:
மிச்சம் இருபத்தேழு நிமிடம் கிடக்கிறது, ஆடுவோமா?
பழைய பதினொருவரில் அவர்களிடம் ஐந்து பேர்,
எங்களிடம் நான்கு.
மற்ற இடங்களுக்குப் பெடியளை இறக்கினோம்.
புத்தளத்திலிருந்து நிஜாமுதீன் பஸ்ஸில் வந்தான்,
பார்க்கத்தான், முழங்காலில் வருத்தம்.
ஏழாம் நம்பர் எங்களிடம் இல்லை என்றோம்.
தெரியும் என்றான்.

எறிதல் யாருக்கு?
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அன்று அந்தப் பக்கக் கொடி என் கையில்.
வானத்தைப் பார்த்துவிட்டேன், பந்தைக் காணவில்லை
என்றுதான் பதினான்கு வருடம் சொல்லி வந்தேன்.
பொய், ஐயா.
பந்து கடைசியாகப் பட்டது
தயாளசீலனின் குதியில்.

அவன் மனைவி சுகிர்தா கோட்டடியில் நின்றா.
வட்டுவாகலில் அவனை ஆமியின் பஸ்ஸில் ஏற்றிவிட்டவ,
பிறகு எந்தக் கந்தோரிலும்
அப்படி ஒருவர் வரவில்லை என்று கேட்டவ.
எந்தக் கால் என்றா.
இடது.
கண்டனீங்களோ?
கண்டேன்.
அப்ப எழுதி வையுங்கோ.

புளியமுனை எறிந்தது.
எண்பத்தெட்டில் கோல் போட்டார்கள். தோற்றோம்.

தற்போதைய அங்கத்தவர்: இருபத்துமூன்று,
தயாளசீலன் உட்பட. அவருக்குச் சந்தா நிலுவை உண்டு,
வெட்டவில்லை.
தேவைகள்: வலை இரண்டு, பந்து ஒன்று.
முத்திரை குத்தும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.