அடுத்த நிறுத்தம்

சிறுநீரகத் தொற்று. கட்டிலையே ஆட்டும் காய்ச்சல்.
பெயர் பொகுமிவா க்ரூக்.
தொழில்: டிராம் ஓட்டுநர், க்தான்ஸ்க் நகரம்.
இடுப்பில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பம்ப்;
அதன் குழாய் சட்டைக்குள் நுழைந்து
வயிற்றில் முடிகிறது.
"இதை யாரும் தொடக்கூடாது" என்றார்
வணக்கம் சொல்வதற்கு முன்பே.

பத்தொன்பது வருடக் கணக்கு.
கம்பு ரொட்டிக்கு இவ்வளவு, சூப்புக்கு இவ்வளவு,
தண்டவாளத்தில் பனி உறைந்த நாளில்
பயத்துக்கும் கொஞ்சம்.
எங்களிடம் இருந்தது ஒரு படிவம்:
நானே இயக்குவேன்,
ஒவ்வொரு யூனிட்டையும் எழுதிக் காட்டுவேன்,
புத்தி தெளிவாக இருக்கும்வரை.
கடைசி வரிக்குச் சிரித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் இரவு, இரண்டரை மணி.
தாளில் இரவு உணவுக்கு நேரே
அதே எண்ணை மூன்று முறை எழுதியிருந்தார்.
பம்பின் நினைவில் ஒரு முறைகூட இல்லை.
இன்று என்ன கிழமை என்றேன்.
"அடுத்த நிறுத்தம் ஒலிவா" என்றார்.

விரலைக் குத்திப் பார்த்தால் இருநூற்று அறுபத்தெட்டு.
கழற்றிவிடச் சொன்னார் இரவு டாக்டர்.
ஆனால் வெறுமனே கழற்றினால்
விடிவதற்குள் ரத்தம் புளிக்கத் தொடங்கும்.
நீண்ட நேர ஊசியை முதலில் போட்டேன்.
அது விழித்து வேலைக்கு வர இரண்டு மணி நேரம்.
அதுவரை பம்ப் ஓட வேண்டும்,
அவர் விரல் அதன்மேல் ஓடக்கூடாது.

பொத்தான்களைப் பூட்டினேன். திறந்தார்.
பூட்டினேன். திறந்தார்.
கிழமை மறந்தவரின் விரலுக்கு
அது மட்டும் மறக்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு
அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.
வேறு கட்டில்களின் மணிக்கு
வேறு ஒருத்தி ஓடினாள்.
லிவர் பிடித்துக் காய்த்த உள்ளங்கை
என் கையையும் சேர்த்து முன்னே தள்ளியது, மெல்ல இழுத்தது,
யாரோ ஏறக் காத்திருந்தது,
மறுபடி தள்ளியது.
எத்தனை நிறுத்தம் போனோம், தெரியாது.

நாலரைக்குக் குழாயைக் கழற்றினேன்.
பெயர் எழுதிய பைக்குள் போன பிறகும்
ஒரு முறை கூவியது.

காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது.
வயிற்றைத் தடவினார்.
வெறும் பிளாஸ்திரி.
வெகுநேரம் என்னைப் பார்க்கவில்லை.
"ராத்திரி யார் கணக்குப் பார்த்தது?"
தாளை நீட்டினேன்.
கண்ணாடி போட்டு, வரி வரியாக,
ஆறு மணிக்கு நேரே நின்றார்.
"இங்கே ஒரு யூனிட் குறைவு, சிஸ்டர்."

குறைவுதான்.
இன்று என்ன கிழமை என்றேன்.
"வியாழன்.
பேனாவைக் கொடுங்கள்."