நாலு தசமதானம்

மல்லாவிச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை.
சுட்டெண்ணைச் சொன்னேன்.
கடைக்காரப் பெடியன் இரண்டு தரம் பிழையாய் அடித்தான்.
மூன்றாம் தரம் திரை நின்று யோசித்து
என்னைக் காட்டியது:

உயிரியல் ஏ.
பௌதிகவியல் ஏ.
இரசாயனவியல் எஸ்.

"ரெண்டு ஏ எல்லோ!" என்றான்,
தாளுக்குக் காசும் வாங்கவில்லை.
அவனுக்குக் கீழ்வரி தெரியாது.
கீழ்வரியில் ஒரேயொரு இலக்கம்,
புள்ளிக்குப் பின்னால் நாலு தானம்.
மூன்று பாடத்தையும் உருக்கி
ஒன்றாய் வார்த்தது.
எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டமாட்டார்கள்.

பதினொரு மாதம் இரசாயனவியலுக்கு
ஆளில்லை.
நேரசூசியில் மட்டும் பாடம் இருந்தது,
செவ்வாய் முதலிரண்டும் வியாழன் கடைசியும்.
அந்த நேரங்களில்
பௌதிகவியல் கணக்குச் செய்தோம்.
அதனால்தான் அதில் ஏ வந்ததோ என்னவோ.

கஜவதனிக்கு மூன்றும் பி.
சனிக்கிழமைகளில் விடிய நாலே முக்கால் பஸ்ஸில்
வவுனியாவுக்கு ரியூசன் போனவள்.
கொப்பி தந்தாள், பொய் சொல்லக்கூடாது.
திரும்பி வருகிற பஸ்ஸில் எழுதிய கொப்பி;
சமன்பாட்டு அம்புக்குறிகள் எல்லாம்
குன்றும் குழியுமாய்க் கிடந்தன.

வெட்டுப்புள்ளி வந்தது.
அவள் உள்ளே. நான் வெளியே.
இடையில்
பூச்சியம் தசம் பூச்சியம் மூன்று ஒன்று இரண்டு.

யாழ்ப்பாணத்து மச்சான் போனில் கேட்டான்,
"உங்களுக்குக் கோட்டா இருக்குத்தானே?"
இருக்கு மச்சான்.
புள்ளியைக் கொஞ்சம் பதித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.
ஆளைத்தான் அனுப்பவில்லை.

அந்தக் கிழமை நெல் யாவாரி லொறியோடு வந்தான்.
ஈரம் பார்க்கிற மீற்றரை
மூன்று மூட்டையில் குத்தினான்.
இரண்டு காய்ந்தது. ஒன்று
தறப்பாள் கிழிந்த பக்கம் கிடந்தது.
கூட்டினான், மூன்றால் பிரித்தான்,
முழு நெல்லுக்கும் ஒரு விலை சொன்னான்.
அப்பா அந்த மூட்டையை இழுத்து ஒதுக்கினார்.
"இதை விடு. மற்றதுக்கு விலை சொல்லு."
அடுத்தநாள் அதை
மாங்குளம் றோட்டில் பரவிக் காயவிட்டார்.
ஒரு பஸ் அதன்மேல் ஏறிப் போனது.
பின்னேரம் அள்ளிக் கட்டினார்.

நானும் போய்க் கேட்டேன்,
"இரசாயனவியலை மட்டும் திரும்ப எழுதலாமோ?"
அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பிள்ளை, மூன்றும் ஒரே தடவையில் இருக்கவேணும்."

அதாவது
காய்ந்த இரண்டையும் அவிழ்த்து
மழைக்குள் கொட்டி
முதலிலிருந்து.
ஏ எல்லாம் ஏயாகவே திரும்பி வரும் என்று
ஆர் எழுதித் தருவார்?

வைகாசியில் பிரிசில்லா மிஸ் வந்தா, மடுப்பக்கம்.
என்னைவிட ஆறேழு வயது மூப்பு இருக்கும்.
ஆய்வுகூட அலுமாரித் திறப்பைத் தேட ஒரு நாள்,
உள்ளே இருந்த குளவிக்கூட்டைத் தட்ட இன்னொரு நாள்.
மூன்று அளவியில் ஒன்று உடையாமல் இருந்தது.
பழைய ஆள் என்று பின்வாங்கில் ஒதுங்கிய என்னைத்தான்
முதலில் கூப்பிட்டா.

இரண்டு வருடமாய்க் கறுப்பு எழுத்தில்
படித்த இளஞ்சிவப்பு.
துளி விழுந்தது. ஒன்றுமில்லை.
துளி. ஒன்றுமில்லை.
குடுவையைச் சுழற்றினேன்.
அவ்வளவு நிறமில்லாத தண்ணீரை நான் கண்டதில்லை.
பிறகு ஒரு துளி,
கையிலிருந்ததெல்லாம்
செவ்வரத்தம்பூ.

"கூடிப்போச்சு" என்றா மிஸ், சிரிக்காமல்.
"அரைத் துளி முந்தி நிற்பாட்டியிருக்கவேணும்.
கழுவிப்போட்டு முதலிலிருந்து செய்."

குடுவையோடு குழாயடிக்குப் போனேன்.
தண்ணீர் வரவில்லை.
வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தேன்.